மிச்சம் வைக்காத எண்

1,22,463.

இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஒன்றும் தோன்றாது. எனக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. முழுதாக ஒரு லட்சம் என்றால் பார்க்க லட்சணமாக இருக்கும். இது எண்ணெய் காணாத தலை மாதிரி அங்கே இருபத்திரண்டு, இங்கே அறுபத்து மூன்று என்று பரட்டையாக நிற்கிறது.

ஆனால் 1908ஆம் ஆண்டில், ரம்புக்கனை ரயிலடியிலிருந்து ஐந்து மைல் தள்ளியிருந்த ஆத்தடித் தோட்டத்தில், இந்த எண்ணால் ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டி வந்தது. அதைத் தடுத்தவளும் இதே எண்ணை வைத்துத்தான் தடுத்தாள். அவள் பெயர் இருளாயி. வயது பத்து.

அந்தக் காலத்தில் ரப்பர் விதைக்கு இருந்த மவுசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். புதிதாகக் காடு வெட்டித் தோட்டம் போட்ட துரைமார் எல்லோரும் விதை விதை என்று அலைந்தார்கள். ஆத்தடியில் வளர்ந்த மரங்கள் இருந்தன. ஆவணி வெயில் ஏறினால் போதும், காய் 'படார்' என்று வெடிக்கும். பாக்கு அளவு விதை பத்தடி தள்ளிப் போய் விழும்.

நிவித்திகலப் பக்கம் புதுத் தோட்டம் போட்ட ஒரு துரை, ஆத்தடியில் விதை கேட்டிருந்தார். பிள்ளைகள் பொறுக்கினார்கள். நான்கு பெண்கள் ஸ்டோரில் உட்கார்ந்து அவற்றை எண்ணிப் பெட்டிகளில் போட்டார்கள். அந்த நால்வரில் மூத்தவள் வெள்ளையம்மா, இருளாயியின் அம்மா. ஸ்டோர் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

அவர்கள் எண்ணும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கைக்கு ஐந்து விதை. இருபது கை போட்டால் நூறு. ஆனால் இருபதாவது கையில் நாலு விதை பெட்டிக்குள் போகும். கடைசி ஒன்று பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் தகரத்துக்குள் விழும். அதற்கு 'அடையாளம்' என்று பெயர். சாயங்காலம் தகரத்தில் எத்தனை அடையாளமோ, அன்றைக்கு அத்தனை நூறு. நூறு நிறையாத உதிரி மறுநாள் எண்ணிக்கையில் சேரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

தகரம் தினமும் கணக்கப்பிள்ளை வேலுசாமியின் மேசைக்குப் போகும். அவர் அடையாளங்களை எண்ணுவார், புத்தகத்தில் எழுதுவார். காலையில் தகரம் காலியாகத் திரும்பி வரும்.

வேலுசாமி நல்ல மனிதர்தான். ஆனால் மேசை மேல் ஒரு துரும்பு கிடந்தாலும் அவருக்குக் கை எழுதாது. மேசைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. பென்சில் சீவல், ஆரஞ்சுத் தோல், வெற்றிலைச் சாறு எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வெளியே போகும். வெளியே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அது இருக்கட்டும். இருளாயிக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். பெயர் நூரியா. தோட்டத்துக்குப் போகும் பாதை முனையில் கடை வைத்திருந்த முக்தார் நானாவின் மகள். அந்தக் கடையில் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கிடைக்கும். நூரியா அங்கே தஸ்பீஹ் மாலை கோர்ப்பாள். தொழுகை முடிந்ததும் இறைவனை நினைத்து ஒவ்வொரு மணியாக உருட்டுகிற மாலை அது. ஒரு மாலைக்குத் தொண்ணூற்றொன்பது மணி. முக்தார் நானா மாலைகளை மாவனல்லையில் இருக்கும் தம்பி கடைக்கு அனுப்பி வைப்பார்.

மணிக்குச் செலவு இல்லை. ஓடைக்கரைப் புல்லில் சாம்பல் நிறத்தில் விளையும். நடுவில் துளையும் தானாகவே இருக்கும். இருளாயி மடி நிறையப் பறித்து வருவாள். ஒரு மடி மணியில் எத்தனை மாலை வரும் என்று கண்டுபிடிப்பது அவர்கள் விளையாட்டு.

நூரியா தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றொன்பதாக எண்ணுவாள். நடுவில் யாராவது கடைக்கு வந்து கூப்பிட்டால் மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள்.

"நூறு நூறா குவி, நூரியா" என்றாள் இருளாயி ஒரு நாள். "அது மறக்காது."

"மாலைக்கு நூறு வாணாமே. தொண்ணூத்தொம்பது தானே?"

"குவிச்சப்புறம் ஒவ்வொரு குவியல்லயும் ஒண்ணை எடுத்துடு. குவியல் மாலையாயிடும். எடுத்ததெல்லாம் மிச்சத்தோட சேர்ந்துடும்."

அன்றைக்கு 347 மணி இருந்தது. மூன்று குவியல், நாற்பத்தேழு உதிரி. மூன்று குவியலிலும் ஒவ்வொன்றை எடுத்தார்கள். மூன்று மாலை. மிச்சம் மூன்றும் நாற்பத்தேழும், ஐம்பது.

இருளாயி அந்த ஐம்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் 347 என்று எழுதினாள். மூன்றுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள்.

"மணியே தேவையில்லை! எண்ணை ரெண்டு ரெண்டா மடிச்சுக் கூட்டினா மிச்சம் வந்துடுது!"

"மணி இல்லாம மாலை எப்படிக் கோர்க்க?" என்றாள் நூரியா. அவளுக்கு எப்போதும் வேலைதான் முக்கியம்.

அன்றிலிருந்து இருளாயிக்கு இந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது. எந்த எண் கண்ணில் பட்டாலும் வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டாக மடிப்பாள், கூட்டுவாள், மிச்சம் சொல்வாள். அரிசி மூட்டை மேல் இருக்கிற எண், ரயில் என்ஜின் மேல் இருக்கிற எண், எதையும் விட மாட்டாள். கூட்டினால் சரியாகத் தொண்ணூற்றொன்பது வந்தால் மிச்சமே இல்லை. அப்படி வந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனால் அது லேசில் வராது. தொண்ணூற்றொன்பது எண்ணில் ஒன்றுதான் அப்படி அமையும்.

பெட்டிகள் ரயிலேறிப் போய் ஆறு வாரம் ஆனது. ஒரு வியாழக்கிழமை காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் நின்றார்கள். வேலுசாமி கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். அவர் கோட்டு மாட்டினால் நல்ல செய்தி கிடையாது.

"நிவித்திகலையில இருந்து கடுதாசி வந்திருக்கு. வந்த விதையை ஒண்ணொண்ணா பாத்தியில ஊன்றி எண்ணியிருக்காங்க. மொத்தம் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நானூத்து அறுபத்து மூணு. நான் புத்தகத்துல எழுதினது அதைவிடக் கூட."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"எவ்வளவு கூடன்னு சொல்ல மாட்டேன். துரையைத் தவிர யாருக்கும் சொல்லலை. எடுத்தவங்களுக்குத் தெரியும், அவங்க வாயாலயே வரட்டும். நாட்டுல ஒரு கைப்பிடி விதை என்ன விலைக்குப் போகுதுன்னு எனக்கும் தெரியும். ஸ்டோர் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதாங்க ஐயா" என்றாள் வெள்ளையம்மா.

"சனிக்கிழமை மத்தியானம் துரை கொழும்புல இருந்து வந்துடுவாரு. அதுக்குள்ள உண்மை வெளிய வரலைன்னா, உன் பேரும் உன் புருஷன் பேரும் ஆள் கணக்குச் செக்ரோல்ல இருந்து வெட்டிடச் சொல்லியிருக்காரு. அப்புறம் ஒரு நாளும் இந்தத் தோட்டத்துல இருக்க முடியாது."

வெள்ளையம்மா துணை தேடிப் பக்கத்தில் திரும்பினாள். அங்கே நின்ற இலட்சுமி, அவளும் விதை எண்ணியவள்தான், சட்டென்று குனிந்து கால் விரலைப் பார்த்தாள். அது வெள்ளையம்மாவுக்கு இன்னும் வலித்தது.

அன்று மாலை, அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் யாரும் சாப்பிடவில்லை. அப்பா அழகமுத்து பால் வெட்டும் கத்தியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நாளைக்கு மறுநாள் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"ஒரு விதை எடுத்திருந்தா என் கை அழுகிப் போகட்டும்" என்றாள் வெள்ளையம்மா. அதையே மூன்று தடவை சொன்னாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இருளாயி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனால் காலையில் கேட்ட எண் மண்டைக்குள்ளேயே நின்றது. கை தானாக ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதியது.

12, 24, 63.

கூட்டினாள். பன்னிரண்டும் இருபத்து நாலும் முப்பத்தாறு. முப்பத்தாறும் அறுபத்து மூன்றும்...

தொண்ணூற்றொன்பது.

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் அதுவேதான். இந்தப் பரட்டை எண் மிச்சமே வைக்கவில்லை!

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடிந்ததும் கடைக்கு ஓடினாள்.

"நூரியா, இதைக் கேளேன். அந்த விதை எண் மிச்சமில்லாம மடியுது."

நூரியா கண்ணைக் கசக்கினாள். "பெரிய நம்பர் எல்லாம் அப்படித்தான் மடியும்போல. உனக்கு இப்ப இதுவா முக்கியம்? உம்மாவ அனுப்பப் போறாங்களாமே!"

"அதனாலதான் கேக்குறேன். வேற பெரிய நம்பர் சொல்லு."

முக்தார் நானா அரிசி அளந்துகொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ரயிலடியில் கொடுத்த ரசீதை எடுத்து, "51,308" என்றார்.

"அஞ்சு, பதிமூணு, எட்டு. இருபத்தாறு மிச்சம்."

"சீனிச் சாக்குல 20,916 எண்டு ஈக்கி."

"ரெண்டு, ஒம்பது, பதினாறு. இருபத்தேழு மிச்சம்."

இன்னும் ஏழெட்டு எண் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு மிச்சத்தைக் கக்கியது. விதை எண் ஒன்றுதான் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தது.

முக்தார் நானா அளவுக் கொத்தைக் கீழே வைத்தார். "சரி மகள், அவ்வளவு விதையும் மணியாக ஈந்தா எத்தின மாலை கோர்க்கலாம்?"

இதற்கு இருளாயி கொஞ்சம் நிதானமாக யோசித்தாள். நீங்களும் கூடவே வரலாம், கஷ்டமில்லை.

"ஆயிரத்து இருநூத்து இருபத்து நாலு நூறு இருக்கு. உதிரி அறுபத்து மூணு. அதனால முதல்ல 1,224 மாலை. ஒவ்வொரு நூறுலயும் எடுத்த ஒண்ணையும் உதிரியோட சேர்த்தா 1,287. அதுல பன்னிரண்டு நூறு இருக்கு. இன்னும் பன்னிரண்டு மாலை. பன்னிரண்டும் எண்பத்தேழும் தொண்ணூத்தொம்பது. அது ஒரு மாலை. எல்லாம் சேர்த்து..."

"1,237" என்றாள் நூரியா. மாலை எண்ணுவதில் அவள் புலி.

"ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு மாலை. ஒவ்வொண்ணுலயும் தொண்ணூத்தொம்பது. அதாவது நூறுக்கு ஒண்ணு கொறச்சல்."

சொல்லிவிட்டு இருளாயி அப்படியே நின்றாள். நூறுக்கு ஒன்று குறைச்சல். ஒவ்வொரு நூறுக்கும்!

முக்தார் நானா ஒரு சீனி மிட்டாய் எடுத்து நீட்டினார். வாங்க ஆள் இல்லை. இருளாயி பாதையில் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் கணக்கப்பிள்ளை அறைக்குள் நுழைந்தபோது வேலுசாமி பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வெள்ளையம்மா, ஒத்துக்க வந்தியா?"

"எதைங்க ஐயா ஒத்துக்கறது? இந்தப் புள்ளதான் ஒண்ணும் சொல்லாம இழுத்துட்டு வந்துச்சு."

இருளாயி மூச்சு வாங்கினாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "ஐயா, நீங்க புத்தகத்துல எழுதினது ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து எழுநூறு. சரிங்களா?"

வேலுசாமியின் மூக்குக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. அவர் புத்தகத்தை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க."

"நான் என்ன சொன்னேன்? எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னேன்ல! இப்போ உன் வாயாலயே வந்துடுச்சு பார்த்தியா!"

"அடிப் பாவி மகளே, என்னடி சொன்னே?" என்று வெள்ளையம்மா இருளாயியின் தோளைப் பிடித்தாள். இருளாயிக்கும் பயம்தான். சரியான விடை சொன்னால் திருடி என்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் எடுக்கலைங்க ஐயா. மடிச்சுப் பார்த்தேன்."

"எதை மடிச்சே?"

"எண்ணை."

"எண் என்ன சேலையா மடிக்கிறதுக்கு?"

இருளாயி மேசையிலிருந்த சிலேட்டை எடுத்தாள். கேட்காமல் எடுத்தாள். 12, 24, 63 என்று எழுதி, மாலைக் கணக்கை முதலிலிருந்து சொன்னாள். வேலுசாமி பாதி வரை கோபமாகக் கேட்டார். அதன் பிறகு கோபப்பட மறந்துவிட்டார்.

"இரு, இரு. உன் மடிப்பெல்லாம் எனக்கு வேணாம். நான் முறையா வகுத்துப் பார்க்கிறேன்."

அவர் முறையாக வகுத்தார். பேனா கீறிக்கொண்டே போனது. தொண்ணூற்றொன்பதால் வகுத்தால் 1,237. கடைசியில் அவர் எழுதியது ஒரு பெரிய பூஜ்யம்.

"மிச்சம் இல்லை" என்றார் மெதுவாக.

"அதாங்க. 1,237 தொண்ணூத்தொம்பது இருக்கு. ஒவ்வொண்ணையும் நூறாக்கினா நீங்க எழுதினது வரும்னு நெனச்சேன். ஐயா, திருடுறவங்க கையில வந்ததை அள்ளிட்டுப் போவாங்க. மீதி தொண்ணூத்தொம்பது தொண்ணூத்தொம்பதா நிக்குதான்னு எண்ணிப் பார்த்தா திருடுவாங்க?"

வேலுசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும் அள்ளலைங்க. ஒவ்வொரு நூறுலயும் சரியா ஒண்ணுதான் காணோம். நூத்துக்கு ஒண்ணு, எங்கேயோ போயிருக்கு."

"அடையாளம்!" என்று கத்தினாள் வெள்ளையம்மா. கத்திய பிறகுதான் கணக்கப்பிள்ளை முன்னால் கத்திவிட்டோம் என்று உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயா, தினமும் தகரத்துல கொடுத்தேனே, அந்த அடையாள விதையெல்லாம் எண்ணினப்புறம் எதுல போட்டீங்க?"

"எதுல போடுறது? அது சொத்தை விதைதானே?"

"சொத்தையா!"

"அடையாளத்துக்கு யாராவது நல்ல விதையை வைப்பாங்களா? எங்க ஊருல தேங்காய் எண்ணினா ஒரு கல்லை வைப்போம். இல்லைன்னா அழுகின காயை வைப்போம்."

"எங்க ஊருல நூறாவது காயேதாங்க அடையாளம். நூறுல ஒண்ணுதானே அது! எண்ணி முடிச்சதும் திரும்பச் சேர்த்துடுவாங்க. ஐயா பெட்டியிலேயே கொட்டிடுவீங்கன்னு நாங்க நெனச்சோம்."

"நான் அது குப்பைன்னு நெனச்சேன்."

ஒரே தகரம். இரண்டு ஊர் வழக்கம். விதை எண்ணிய மூன்று வாரமும் ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. பெரியவர்கள் பல நேரம் இப்படித்தான்.

"அப்போ எங்கதாங்க போட்டீங்க?" என்றாள் இருளாயி.

வேலுசாமியின் தலை மெல்லத் திரும்பியது. மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பள்ளம். மட்கிய இலையும் ஈரமுமாக, ஆள் நடமாட்டமே இல்லாத இடம். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் காடே எழும்பியிருந்தது. ஒவ்வொரு தண்டிலும் மூன்று மூன்று இலை. சில இலைகளில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. சிலவற்றில் பென்சில் சீவல் ஒட்டியிருந்தது.

வெள்ளையம்மா பள்ளத்தில் இறங்கினாள். ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நேற்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது. இருளாயி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வேலுசாமி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து முதன்முறையாக வெளியே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கன்றுகளை எண்ணினார்கள். நான்கு பெண்களும் வந்தார்கள். இலட்சுமி வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், தன் வெற்றிலைப் பையை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். நூரியாவும் வேடிக்கை பார்க்க வந்து, வேலையில் மாட்டிக்கொண்டாள்.

"நூத்துக்கு ஒரு கல்லு" என்றார் வேலுசாமி. "கல்லு மட்டும்தான். கன்னை எடுத்துத் தகரத்துல போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

முடிவில் தகரத்தில் பதினோரு கல். உதிரியாகப் பன்னிரண்டு கன்று. எல்லோரும் அறைக்குத் திரும்பியதும் வேலுசாமி மேசையில் 1,112 என்று எழுதினார். எழுதி முடித்ததும் தகரத்தை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார்.

"ஐயா!" என்று ஆறு குரல்கள் ஒன்றாகக் கத்தின.

அவர் தகரத்தைக் கீழே வைத்தார். "தெரியும், தெரியும்" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆனா 1,237 கொட்டியிருக்கேன். இங்க இருக்கிறது 1,112. நூத்து இருபத்தஞ்சு குறையுதே?"

எல்லோரும் இருளாயியைப் பார்த்தார்கள். அவள் அதற்குள் மடித்து முடித்திருந்தாள்.

"பதினொண்ணு, பன்னிரண்டு. இருபத்து மூணு மிச்சம் வருது ஐயா. இது திருட்டுத்தான்."

"என்னது?"

இருளாயி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். பள்ளத்தில் உடைந்து கிடந்த விதை ஓடுகளுக்கு நடுவில் கண்டெடுத்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு சாண் நீளத்தில் ஒரு முள். முள்ளம்பன்றியின் முள்.

கன்றுகளைக் கூடைகளில் அடுக்கி நிவித்திகலைக்கு அனுப்பச் சொன்னார் துரை. குறைந்த விதைக்குப் பதில் வளர்ந்த கன்றாகவே கிடைத்ததில் அங்கே யாருக்கும் வருத்தம் இல்லை. முள் நூரியாவுக்குப் போனது. மாலை கோர்க்க ஊசியைவிட அது வசதியாக இருந்ததாம்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்துக்கு வேலுசாமி மறுபடியும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் கப்சிப் என்று ஆனது.

"வியாழக்கிழமை இங்க நின்னு ஒண்ணு சொன்னேன். அது தப்பு. இங்கேயே நின்னு திருப்பிச் சொல்றேன். ஸ்டோர்ல இருந்து விதை திருடு போகலை. நான்தான் ஜன்னல் வழியா கொட்டினேன். நூத்து இருபத்தஞ்சு மட்டும் திருடு போச்சு. அந்தத் திருடனுக்கு உடம்பெல்லாம் முள்ளு. செக்ரோல்ல பேர் இல்லாததால வெட்ட முடியலை."

பெரட்டுக்களமே சிரித்தது. வேலுசாமி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு செக்ரோலைத் திறந்தார். வழக்கமாக முதலில் கூப்பிடும் பெயரைத் தாண்டிப் போய், வேறொரு பெயரை முதலில் கூப்பிட்டார்.

"வெள்ளையம்மா!"

"இருக்கேங்க ஐயா!"

அந்தக் குரல் ஓடைக்கரையில் மணி பறித்துக்கொண்டிருந்த இருளாயி வரைக்கும் கேட்டது.